நெஞ்செரிச்சலும் கோலாலம்பூர் சாப்பாடும்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊரில் கல்யாண விருந்துக்குப் பிறகு எப்போதாவது வந்த நெஞ்செரிச்சல், கோலாலம்பூருக்கு வந்த சில மாதங்களில் தினமும் வர ஆரம்பித்துவிட்டது என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எல்லோரும் பழி போடுவது சம்பல் என்ற மிளகாய்த் துவையல் மேல்தான். "மிளகாயை நிறுத்திட்டேன், ஆனாலும் எரியுது" என்பார்கள். ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் பத்தரை, பதினொன்று என்று பதில் வரும். சாப்பிட்டது என்ன என்றால் ரொட்டி சானாய் (நம் பரோட்டா போன்றது) இரண்டு, தே தாரிக் (கெட்டிப்பால் போட்டு ஆற்றிய தேநீர்) ஒன்று. படுத்தது பன்னிரண்டுக்கு.

இந்த நகரத்தில் மாமாக் கடைகள் (தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் உணவகங்கள்) பல இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கின்றன. பசித்த நேரத்தில் சாப்பாடு கிடைப்பது பெரிய வசதி, சந்தேகமில்லை. ஆனால் நெஞ்செரிச்சல்காரருக்கு அந்த வசதிதான் முதல் சிக்கல். என் கணக்கில் நேரம் முதலிடம், அளவும் எண்ணெயும் இரண்டாமிடம், பானங்கள் மூன்றாமிடம், காரம் அதற்கும் பிறகுதான். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில் போகிறது. இஞ்சியும் சீரகமும் கடைசிப் பக்கமாக வரும். அவற்றை முதலில் தேடி வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.

தொடங்கும் முன்: இது நெஞ்செரிச்சல்தானா?

சாப்பிட்ட பிறகு மார்பெலும்புக்குப் பின்னால் எரிவது, குனிந்தால் அல்லது படுத்தால் அதிகமாவது, புளித்த நீர் தொண்டை வரை வருவது, காலையில் தொண்டை கரகரப்பு, காரணமில்லாத வறட்டு இருமல் ஆகியவை அமிலம் மேலேறுவதன் வழக்கமான அடையாளங்கள்.

ஆனால் மார்பில் பாரம் வைத்தது போன்ற அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, கூடவே வியர்வை, மூச்சுத்திணறல், படியேறும்போது வந்து நின்றால் குறையும் வலி என்றால் அதை வாயுப்பிடிப்பு என்று சொல்லிச் சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். மலேசியாவில் அவசர அழைப்பு எண் 999. சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு தெளிவான வலியில்லாமலும் வரலாம்.

விழுங்கும்போது உணவு சிக்குவது, தானாக எடை குறைவது, ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், ரத்தசோகை, நிற்காத வாந்தி, ஐம்பது வயதுக்கு மேல் முதல் முறையாகத் தொடங்கும் எரிச்சல் — இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் கைவைத்தியம் வேண்டாம், நேராக மருத்துவரிடம். கர்ப்பிணிகளுக்கு நெஞ்செரிச்சல் சகஜம்தான். ஆனாலும் மாத்திரையோ மூலிகையோ கேட்டுவிட்டுத்தான்.

உள்ளே என்ன நடக்கிறது?

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் வளையம் போல ஒரு தசை இருக்கிறது. உணவு இறங்கியதும் அது இறுக மூடிக்கொள்ள வேண்டும். வயிறு அதிகமாக உப்பினால், கொழுப்பு அதிகம் போனால், சிகரெட், மது, சாக்லேட், புதினா போன்றவை சேர்ந்தால் அந்தத் தசை தேவையில்லாத நேரத்தில் தளர்கிறது. அமிலம் மேலே வருகிறது. அமிலத்தைத் தாங்க இரைப்பைக்குள் தடித்த சளிப்படலம் இருக்கிறது, உணவுக்குழாய்க்கு அது இல்லை. எரிவது அதனால்தான். அமிலம் அதிகமாகச் சுரக்கிறது என்பதைவிட, அது இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிறது என்பதே பெரும்பாலானவர்களின் பிரச்சினை. தொப்பை இருந்தால் அழுத்தம் இன்னும் கூடும்.

நம்மவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். யுனிவர்சிட்டி மலாயா மருத்துவமனையில் எண்டோஸ்கோப்பி செய்துகொண்டவர்களை வைத்து நடந்து, 2004ல் வெளியான ஓர் ஆய்வு, மற்ற இனத்தவரைவிட இந்திய வம்சாவளியினரிடம் இந்த நோய் அதிகம் என்று காட்டியது. ஆகவே "எல்லாரும்தான் இதைச் சாப்பிடுறாங்க, எனக்கு மட்டும் ஏன்?" என்று அலுவலகத்துச் சீன நண்பரோடும் மலாய் நண்பரோடும் ஒப்பிட்டு வருத்தப்படுவதில் பயனில்லை.

முதல் படி: கடிகாரத்தைத் திருத்துங்கள்

இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம். வேறு எதையும் செய்ய முடியாவிட்டாலும் இதை மட்டும் இரண்டு வாரம் செய்து பாருங்கள். சாதாரண உணவு இரைப்பையை விட்டு இறங்க இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். எண்ணெயில் பொரித்தது இன்னும் தாமதமாகும். அதற்குள் படுத்தால் புவியீர்ப்பு விசை உங்கள் பக்கம் இல்லை.

சொல்வது எளிது. ஆறு மணிக்கு வேலை முடிந்து, ஜாமில் மாட்டி, ரவாங்கிலோ காஜாங்கிலோ இருக்கும் வீட்டுக்கு எட்டரைக்குப் போய்ச் சேர்பவர் சமைத்துச் சாப்பிடும்போது ஒன்பதரை ஆகிவிடும். அவர்களுக்கு நான் சொல்வது, வேலையிடத்துக்குப் பக்கத்திலேயே ஆறரைக்குச் சாப்பிட்டுவிட்டு ரயிலேறுங்கள் என்பதுதான். நெரிசலும் கொஞ்சம் குறைந்திருக்கும். வீட்டுக்குப் போனதும் பசித்தால் ஒரு வாழைப்பழமோ அரை டம்ளர் கஞ்சியோ போதும். வீட்டில்தான் சாப்பிட வேண்டும் என்றால் மதியத்தைப் பெரிய வேளையாகவும் இரவைச் சிறிய வேளையாகவும் மாற்றுங்கள். நம் பழக்கம் இதற்கு நேர்மாறு: மதியம் மேசையிலேயே ஒரு கறிபஃப், ராத்திரி முழுச் சாப்பாடு.

உணவகத்தில் வேலை செய்பவர்கள் கடை மூடிய பிறகு நள்ளிரவில் சாப்பிடுகிறார்கள். வேறு வழியில்லை என்று தோன்றும். கூட்டம் தொடங்கும் முன், மாலை ஐந்தரை ஆறுக்குள் முதலாளியிடம் சொல்லிவிட்டு ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டுவிடுங்கள். கடை மூடியதும் இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் சூப்போ மட்டும். காவலாளிகளும் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களும் இதே மூன்று மணி நேரக் கணக்கைப் பகல் தூக்கத்துக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். காலை ஏழுக்கு ஷிஃப்ட் முடிந்து, வழியில் நாசி லெமாக் சாப்பிட்டு, எட்டரைக்குப் படுப்பதும் நள்ளிரவில் சாப்பிட்டுப் படுப்பதும் வயிற்றுக்கு ஒன்றுதான்.

நண்பர்கள் பதினொரு மணிக்கு மாமாக்குக் கூப்பிடுவார்கள். போங்கள். கால்பந்து பாருங்கள், பேசுங்கள், ஆயர் சுவாம் சொல்லுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர்தான் அது. அதைச் சொன்னால் யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள்; இந்த ஊரில் பாதிப் பேர் குடிப்பது அதைத்தான்.

இரண்டாம் படி: கடையில் எப்படிச் சொல்லி வாங்குவது

பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், மஸ்ஜித் இந்தியா பக்கம் தமிழிலேயே சொல்லிவிடலாம். மற்ற இடங்களில் நாலைந்து மலாய்ச் சொற்கள் உங்கள் வயிற்றைக் காப்பாற்றும். எண்ணெய் குறைவாக வேண்டும் என்றால் "குராங் மின்யாக்". காரம் குறைவாக என்றால் "குராங் பெடாஸ்". குழம்பைத் தனியாகக் கொடுங்கள் என்றால் "குவா ஆசிங்". கடைசியாகச் சொன்னது முக்கியம். நாசி கண்டார் கடையில் நாலைந்து குழம்புகளைக் கலந்து சோறு மூழ்க ஊற்றுவதுதான் அழகு, ருசியும் அதில்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெய் மொத்தமும் உங்கள் தட்டுக்கு வந்துவிடும். தனியாக வாங்கினால் நாலு கரண்டியில் நிறுத்திக்கொள்ளலாம்.

ரொட்டி சானாய் மாவில் கொழுப்பு, வீசும்போது கொழுப்பு, கல்லில் போடும்போது மறுபடி கொழுப்பு. எரிச்சல் அடங்கும் வரை அதற்குப் பதில் எண்ணெயில்லாத சப்பாத்தியும் பருப்புக் குழம்பும். தோசையும் இட்லியும் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துப்போகும், மாவு அதிகம் புளிக்காமல் இருந்தால். இந்த ஊர் வெயிலில் மாவு சீக்கிரம் புளித்துவிடும். வீட்டில் அரைப்பவர்கள் மாவு பொங்கியதும் உடனே குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள்.

நாசி லெமாக் தேங்காய்ப்பாலில் வெந்த சோறு. மேலே சம்பல், பொரித்த நெத்திலி, வேர்க்கடலை. முழுக்க விடச் சொல்லி யாரிடமும் சொல்ல மனம் வராது. காலையில் சாப்பிடுங்கள், சிறிய பொட்டலமாக வாங்குங்கள், சம்பலை ஓரமாக ஒதுக்கி வெள்ளரித் துண்டையும் அவித்த முட்டையையும் சேர்த்துச் சாப்பிடுங்கள். இரவு பத்து மணிக்குப் பொரித்த கோழியோடு வருகிற நாசி லெமாக் வேறு விஷயம். அது வேண்டாம்.

மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்), நாசி கோரெங் (வறுத்த சோறு) இரண்டும் எண்ணெய்க் கணக்கில் ஒன்றே. சீனக் கடைகளில் கிடைக்கும் மீன் கஞ்சியும் தெளிந்த சூப்பில் வரும் நூடுல்ஸும் நம்மவர்கள் அதிகம் கண்டுகொள்ளாத நல்ல தேர்வுகள். சாம்பாரும் ரசமும் இல்லாமல் ஒரு வேளையா என்று கேட்பவர்களுக்கும், எரிச்சல் உச்சத்தில் இருக்கும் வாரத்தில் அந்த மீன் கஞ்சி பிடித்துப்போய்விடும்.

வாழையிலைச் சாப்பாட்டுக்கு வருவோம். இலையில் சிக்கல் சோறும் காய்கறியும் அல்ல. மறுசோறு, அப்புறம் மோர் மிளகாய், பொரித்த பாகற்காய், அப்பளம், மேலே ரசத்தைக் குடித்து முடிப்பது, இவையெல்லாம் ஒன்றாகச் சேர்வதுதான். மறுசோறு கொண்டு வருபவரிடம் கையை நீட்டி மறித்துவிடுங்கள். ரசத்தில் புளி, தக்காளி, மிளகு மூன்றும் இருக்கின்றன. ஊரில் அதை வயிற்றுக்கு மருந்து என்று வளர்த்திருக்கிறார்கள், சளிக்கு நல்லதுதான், ஆனால் புண்ணான உணவுக்குழாய்க்கு அது எரிச்சலைத்தான் தரும். அதிகம் புளிக்காத மோர் பரவாயில்லை.

இன்னொன்று, மெதுவாகச் சாப்பிடுங்கள். பத்து நிமிட இடைவேளையில் அள்ளிப் போட்டால் காற்றும் சேர்ந்து உள்ளே போகும், போதும் என்று வயிறு சொல்வதற்குள் தட்டு காலியாகிவிடும்.

மூன்றாம் படி: குவளையில் இருப்பது

தே தாரிக்கில் தேயிலைச் சாயம் கெட்டி, கெட்டிப்பால் கெட்டி. ஒரு நாளுக்கு ஒன்று, அதுவும் மதியத்துக்கு முன் என்று வைத்துக்கொள்ளலாம். "குராங் மானிஸ்" என்றால் இனிப்பைக் குறைப்பார்கள். பால் வேண்டாம் என்றால் தே ஓ, சர்க்கரையும் வேண்டாம் என்றால் தே ஓ கொசோங். இங்குள்ள பாரம்பரியக் கோப்பிக் கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பது வழக்கம். சாயமும் கெட்டி. வெறும் வயிற்றில் கோப்பி ஓ குடித்துவிட்டு ரயிலுக்கு ஓடும் பழக்கம் இருந்தால், அதை மட்டும் மாற்றிப் பாருங்கள். எதையாவது பசியாறிய பிறகு குடியுங்கள். காப்பி எல்லோருக்கும் எரிச்சல் தருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வாரம் நிறுத்தி, மறுபடி தொடங்கிப் பார்த்தால் உங்களுக்கு எப்படி என்று தெரிந்துவிடும்.

வாயு சேர்த்த பானங்கள் வயிற்றை ஊதவைத்து அமிலத்தை மேலே தள்ளும். வயிறு சரியில்லை என்றதும் இங்கே எல்லோரும் கையில் எடுக்கும் 100 பிளஸ் கூட வழக்கமாகக் கேனில் வருவது வாயு சேர்த்ததுதான். ஏப்பம் வந்ததும் நிம்மதியாகத் தோன்றும். அந்த ஏப்பத்தோடு அமிலமும் வரும். லிமாவ் ஐஸ் (எலுமிச்சைச் சாறு), ஆரஞ்சுச் சாறு, மது, இரவில் குடிக்கும் கெட்டி மைலோ ஆகியவையும் கொஞ்ச காலம் ஒதுங்கியிருக்கட்டும். பார்லித் தண்ணீர் பல கடைகளில் கிடைக்கும், இனிப்பைக் குறைக்கச் சொல்லி வாங்குங்கள். இளநீர் நல்லது, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அதில் உள்ள பொட்டாசியத்துக்காக மருத்துவரைக் கேட்க வேண்டும்.

தண்ணீரைச் சாப்பாட்டோடு லிட்டர் கணக்கில் குடிக்காமல், வேளைகளுக்கு இடையில் குடியுங்கள்.

நான்காம் படி: வீட்டு அடுப்பு

சமைக்க வசதி இருந்தால் பாதி வேலை முடிந்தது. செலாயாங், சௌகிட், பிரிக்பீல்ட்ஸ் சந்தைகளில் ஊர்க் காய்கறி எல்லாம் கிடைக்கிறது, மலாய்ப் பெயர் தெரிந்தால் பக்கத்துப் பேரங்காடியிலும் வாங்கலாம். சுரைக்காய் லாபு ஆயர். பீர்க்கங்காய் பெத்தோலா. கீரை பாயாம். வெள்ளரி தீமுன். பப்பாளி பெத்திக். இஞ்சி ஹாலியா. சீரகம் ஜிந்தான் பூத்தே, சோம்பு ஜிந்தான் மானிஸ்; கடைசி இரண்டையும் மாற்றி வாங்கிவந்து விழிப்பது புதியவர்களிடம் சாதாரணம்.

முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு மாதிரி சொல்கிறேன். காலையில் ஓட்ஸ் கஞ்சி அல்லது இட்லி, கூட ஒரு வாழைப்பழம். பத்தரை மணிக்குக் கொஞ்சம் பப்பாளி. மதியம் சோறு, பாசிப்பருப்பும் சுரைக்காயும் போட்ட கூட்டு, ஆவியில் வேகவைத்த மீன் அல்லது தோல் நீக்கிய கோழியை எண்ணெய் குறைத்துச் சமைத்தது, கீரை. நாலு மணிக்கு இரண்டு பிஸ்கட்டும் தே ஓவும். ஏழு மணிக்குள் சப்பாத்தியும் பருப்பும் அல்லது அரிசிக் கஞ்சி. புளிக்குப் பதில் பருப்புக் குழம்பும் மோர்க் குழம்பும் செய்யலாம், தாளிப்பு ஒரு தேக்கரண்டி எண்ணெயில். பச்சை வெங்காயத்தைத் தவிருங்கள். பழைய சோறு எரிகிறது என்று சொல்பவர்களில் பலருக்கு எரிவது கூடவே கடிக்கும் வெங்காயமும் பச்சை மிளகாயும்தான்.

கூடவே ஒரு சின்ன நோட்டு, அல்லது கைப்பேசியில் குறிப்பு: சாப்பிட்ட நேரம், சாப்பிட்டது, எரிச்சல் வந்த நேரம். அவ்வளவு போதும். பத்து நாளில் உங்கள் எதிரி யாரென்று தெரிந்துவிடும். ஒருவருக்குத் தக்காளி, இன்னொருவருக்குச் சாக்லேட். இணையத்தில் உலவும் நீண்ட பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினால் சாப்பிட ஒன்றுமே மிஞ்சாது, பத்தியமும் மூன்றாம் நாளில் முறிந்துவிடும்.

ஐந்தாம் படி: கைவைத்தியம்

இவை உதவிக்கு வருபவை. மேலே சொன்னதைச் செய்யாமல் இவற்றை மட்டும் நம்பினால் பலன் குறைவு.

சீரகத் தண்ணீர், சோம்புத் தண்ணீர்: ஒரு தேக்கரண்டியை அரை லிட்டர் தண்ணீரில் கொதிக்கவைத்து, வடிகட்டி, வெதுவெதுப்பாகக் குடிக்கலாம். உப்புசம் குறைந்தால் அழுத்தமும் குறைகிறது. பெரிய ஆய்வு ஆதாரம் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லாத பழக்கம்.

இஞ்சி வயிறு காலியாவதை வேகப்படுத்துகிறது, குமட்டலுக்கும் நல்லது. ஆனால் அளவு சிறியதாக இருக்க வேண்டும். நாலைந்து மெல்லிய துண்டுகளைத் தண்ணீரில் கொதிக்கவைத்தால் போதும். வெறும் வயிற்றில் இஞ்சிச் சாற்றைத் தேனோடு விழுங்கும் முறை பலருக்கு எரிச்சலைக் கூட்டும். கடையில் விற்கும் தே ஹாலியாவிலும் கெட்டிப்பால் இருப்பதை மறக்க வேண்டாம்.

புதினாவைப் பற்றி எச்சரிக்க வேண்டும். செரிமானத்துக்குப் புதினா நல்லது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். குடல் தசையைத் தளர்த்தும் அதே குணம், இரைப்பையின் மேல் வாயில் தசையையும் தளர்த்துகிறது. புதினாத் தேநீர், புதினா மிட்டாய், மென்தால் மாத்திரை எல்லாம் உங்களுக்கு வேண்டாம். ஆனால் புதினா இல்லாத சூயிங்கத்தைச் சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் மெல்வது உண்மையிலேயே உதவும். உமிழ்நீர் கூடும், அது அமிலத்தை நீர்க்கச்செய்து கீழே கழுவிவிடும்.

அதிமதுரம் சித்த, ஆயுர்வேத மருந்துகளில் வயிற்றுப் புண்ணுக்குப் பெயர்போனது. தொண்டைக்கு இதமாகவும் இருக்கும். ஆனால் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தத்தைக் கூட்டும், உடலில் பொட்டாசியத்தைக் குறைக்கும். அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் இதய, சிறுநீரக நோயாளிகளும் கர்ப்பிணிகளும் தொடவே வேண்டாம்.

குளிர்ந்த பால் சில நிமிடம் சுகம் தரும். பிறகு அதிலுள்ள கால்சியமும் புரதமும் அமிலச் சுரப்பைத் தூண்டும். படுக்கும் முன் ஒரு டம்ளர் பால் என்பது நம் வீடுகளில் பாசமாகச் செய்யும் தவறு. சமையல் சோடாவும் ஈனோவும் எரிச்சலை உடனே அடக்கும், ஆனால் அவற்றில் சோடியம் நிறைய. எப்போதாவது ஒரு முறைக்கு மேல் வேண்டாம். ஆப்பிள் சிடர் வினிகரைப் பரிந்துரைக்கும் காணொளிகளை நகர்த்திவிட்டுப் போய்விடுங்கள், அதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை.

ஜாமு, மாஜுன் (மலாய் மூலிகை மருந்துகள்), லேகியம் என்று விற்கப்படுபவற்றை வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். மலேசியாவில் பதிவான மருந்துப் பொருளில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும், பாரம்பரிய மருந்து என்றால் அந்த எண்ணின் இறுதியில் டி (T) என்ற எழுத்து இருக்கும், ஒளிரும் பாதுகாப்பு ஒட்டியும் இருக்கும். பதிவில்லாத ஜாமுகளில் ஸ்டீராய்டும் வலி நிவாரணியும் கலந்திருந்ததைச் சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். வயிற்றுக்காக வாங்கியது வயிற்றைப் புண்ணாக்கிவிடும். இரவுச் சந்தையில் எண் இல்லாத புட்டியை யாராவது நீட்டினால் வேண்டாம் என்று நகர்ந்துவிடுங்கள்.

ஆறாம் படி: படுக்கை

கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு மரக்கட்டை வையுங்கள். தலையணையை மட்டும் அடுக்கினால் கழுத்து வளையும், வயிறு மடங்கும், எரிச்சல் கூடலாம். வாடகை அறையில் மெத்தை தரையில் கிடக்கிறதா? அப்போது முதுகு முழுவதையும் சாய்த்துத் தாங்கும் சரிவுத் தலையணை வாங்குவதுதான் வழி. இடது பக்கம் படுங்கள். இரைப்பை அமைந்திருக்கும் விதத்தால் அந்தப் பக்கம் படுக்கும்போது அமிலம் இரைப்பையின் மேல் வாயிலுக்குக் கீழே தங்குகிறது. இடுப்பை இறுக்கும் பெல்ட்டும் கைலி முடிச்சும் தளரட்டும். எடை கூடுதலாக இருந்தால் கொஞ்சம் குறைந்தாலே வித்தியாசம் தெரியும். சாப்பிட்ட பிறகு கீழே இறங்கி ஒரு சுற்று மெதுவாக நடங்கள். குனிந்து பெட்டி தூக்குவது, ஜிம்முக்குப் போவது எல்லாம் இரண்டு மணி நேரம் கழித்து.

புகைப்பவர்களுக்கு ஒரே வரி: அதை நிறுத்தாமல் மற்றதெல்லாம் அரைகுறைதான்.

ஏழாம் படி: மாத்திரையும் மருத்துவரும்

ஊரிலிருந்து வரும்போது பெட்டியில் ஜெலூசில், பான் 40, பான் டி, ரான்டாக் என்று ஒரு மருந்துக் கடையையே கொண்டுவருகிறோம். பான் 40 என்பது பேன்டோபிரசோல். காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு எடுத்தால்தான் சரியாக வேலை செய்யும்; எரியும்போது விழுங்குகிற மாத்திரை அல்ல. பான் டியில் கூடவே டோம்பெரிடோன் இருக்கிறது, இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகலாம். ரான்டாக்கில் உள்ள ரானிடிடினில் புற்றுநோய் அபாயமுள்ள ஒரு மாசு கண்டறியப்பட்டு, 2019, 2020ல் பல நாடுகள் அதைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டன. பெட்டியில் மிச்சமிருந்தால் தூக்கிப்போடுங்கள்.

அவசரத்துக்கு இங்கே மருந்தகத்தில் காவிஸ்கான் வகை மருந்து கிடைக்கும். அதிலுள்ள ஆல்ஜினேட் இரைப்பையில் உள்ளதன் மேல் நுரைப்படலமாக மிதந்து அமிலத்தை மறிக்கிறது. சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் எடுக்க வேண்டும். தைராய்டு மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுபவர்கள் அமில முறிவு மருந்தோடு எத்தனை மணி இடைவெளி விட வேண்டும் என்று மருந்தாளரிடம் கேளுங்கள். முட்டி வலிக்குச் சாப்பிடும் டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் வயிற்றைப் புண்ணாக்கும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் சிலருக்கு எரிச்சலைக் கூட்டும்; அதற்காக நீங்களே நிறுத்திவிடாமல் எழுதிக்கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

இரண்டு மூன்று வாரம் ஒழுங்காக இருந்தும் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் எரிந்தால் மருத்துவரைப் பார்க்கும் நேரம். நிறுவன வேலையில் இருப்பவர்கள் முதலில் பேனல் கிளினிக் (நிறுவனம் ஏற்பாடு செய்திருக்கும் கிளினிக்) எது என்று மனிதவளப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள், கையிலிருந்து பணம் போகாது. அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்; வெளிநாட்டவருக்குக் கட்டணம் வேறு, கடவுச்சீட்டும் பெர்மிட்டும் கையில் இருக்கட்டும். அந்தக் குறிப்பு நோட்டையும், ஊரில் சாப்பிட்ட மாத்திரை அட்டைகளையும் கொண்டுபோனால் பேச்சு பாதியாகக் குறையும். ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற இரைப்பைக் கிருமிக்கான பரிசோதனை வேண்டுமா என்றும் கேளுங்கள். மேல் வயிற்று வலியும் உப்புசமும் சேர்ந்திருந்தால் குறிப்பாக. மலேசிய இந்தியர்களிடமும் இந்தியாவிலிருந்து வருபவர்களிடமும் அது அதிகம், மலாய்க்காரர்களிடம் மிகக் குறைவு. மூச்சை ஊதிச் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. பேன்டோபிரசோல், ஒமிப்ரசோல் போன்றவற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் முடிவு தவறாக வரலாம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மருத்துவர் நான்கு முதல் எட்டு வாரம் மாத்திரை தரலாம். நன்றாகிவிட்டது என்று ஐந்தாம் நாள் நிறுத்தாதீர்கள். பல மாதம் சாப்பிட்டதை ஒரே நாளில் நிறுத்தினாலும் அமிலம் திரும்பப் பொங்கும். படிப்படியாகக் குறைக்கச் சொல்வார்கள்.

விருந்து நாட்களும் மறுபடி சேர்ப்பதும்

புரட்டாசியிலும் தைப்பூச விரதத்திலும் பகல் முழுக்கப் பட்டினி கிடந்து இரவில் ஒரேயடியாகச் சாப்பிடுவதுதான் ஆபத்து. சைவம் என்பதால் வயிற்றுக்கு லேசு என்று நினைக்க வேண்டாம், பொரித்த சைவ இறைச்சியும் எண்ணெய்தான். விரதம் முடிக்கும்போது முதலில் பழமும் கஞ்சியும், ஒரு மணி நேரம் கழித்துச் சோறு. மாத்திரையில் இருப்பவர்கள் விரதத்துக்கு முன்பே மருத்துவரிடம் நேரத்தை மாற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். தீபாவளித் திறந்த இல்லத்துக்கு ஒரே நாளில் நாலு வீடு போக வேண்டியிருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் கையளவு, கடைசி வீடு மாலை ஆறுக்குள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க தம்பி" என்று அக்காமார் விடமாட்டார்கள். "தாப்பாவ் (பொட்டலம்) கட்டிக் கொடுங்கக்கா, நாளைக்குக் காலைல சாப்பிடுறேன்" என்றால் அவர்களுக்கும் சந்தோஷம்.

நாலு வாரம் எரிச்சல் இல்லாமல் போனால், விட்டதை ஒவ்வொன்றாகச் சேருங்கள். வாரத்துக்கு ஒரு பொருள், மதிய வேளையில், அரை அளவு. தே தாரிக் முதலில் வரலாம், அடுத்து ரசம், அப்புறம் ரொட்டி சானாய். எரிந்தால் அதை இன்னும் ஒரு மாதம் தள்ளிவையுங்கள். அசாம் லக்சாவை (புளிப்பு மீன் குழம்பு நூடுல்ஸ்) கடைசியாக வையுங்கள். புளி, மிளகாய், பச்சை வெங்காயம், புதினா நாலும் ஒரே கிண்ணத்தில் இருக்கின்றன. பினாங்குக்குப் போகும்போது ஆசை விடாது, அப்போது மதியம் ஒரு மணிக்குள் சாப்பிட்டுவிட்டு, கோலாலம்பூர் திரும்பும் பஸ்ஸை மாலையில் எடுங்கள்.